ஒரு சொல்லுக்கு மூன்று மாதம்

செப்டம்பர் 14, சனி

வேலைக்கென்று வாங்கிய நோட்டு இது. முதல் பக்கத்தில் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு நாளாகத் தமிழில் பேச ஆளில்லாத வாய், கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் அபெரிஸ்ட்வித் என்கிற ஊர். பல்கலைக்கழகம் மூன்று மாதத்துக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொஞ்சம் உதவித்தொகையும் தந்திருக்கிறது. வேலை, ஐரிஷ் மொழியிலும் வெல்ஷ் மொழியிலும் ஒரே ஒரு சொல். இரண்டிலும் அதே இரண்டெழுத்துதான். வெல்ஷ்காரர்கள் ‘அர்’ என்கிறார்கள், ஐரிஷ்காரர்கள் ‘எர்’ என்கிறார்கள். பொருள் ‘மேல்’. மேசை மேல் புத்தகம் என்கிறோமே, அந்த மேல். தமிழ் ‘மேல்’ பற்றி நான் பத்து வருடம் முன்பு எழுதிய கட்டுரையை இங்கே யாரோ பாவம் படித்துவிட்டார்கள். அதன் பலன் இது. நவம்பர் 22 அன்று மூன்றையும் ஒப்பிட்டு ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

வீட்டுக்காரி பெயர் நெஸ்டா. எழுபது வயது, கணவர் டாவித் இறந்து ஆறு வருடம். மாடி அறை எனக்கு. ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினால் கடல் தெரியும். நீட்டாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவர்.

சாயங்காலம் அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தேன். கோமதி அக்கா எடுத்ததும், “ஹலோ, எந்த ஊர் வேணும்?” என்றாள். இருபத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். அந்த வேலையே இப்போது நாட்டில் கிடையாது, அவள் மட்டும் விடுவதாயில்லை.

“ஏட்டி வடிவு, ஒத்தச் சொல்லுக்கு மூணு மாசமா? அந்த ஊர்ல சொல்லுக்கு அவ்வளவு பஞ்சமா?”

“அப்படித்தான்னு வச்சுக்கோ.”

“சாப்பிட்டியா?”

“ரொட்டி.”

“ரொட்டி திங்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போன?”

அக்காவுக்கு ஐம்பத்து நாலு, எனக்கு நாற்பத்தாறு. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு அலுத்து ஓய்ந்துவிட்டார்கள். மூன்று வருடமாக அவளுக்குச் சிறுநீரகம் சரியில்லை. புதனும் சனியும் திருநெல்வேலிக்கு டயாலிஸிஸ். நான் இல்லாத நாளுக்கு மாமா மகன் லிங்கமும் அவன் மனைவி இந்திராணியும் எங்கள் வீட்டில் வந்து இருக்கிறார்கள். லிங்கம் காரில் கூட்டிப் போகிறான். நான் இங்கே வர யோசித்தேன். நீ போகவில்லையென்றால் டயாலிஸிஸுக்கு நானும் போகமாட்டேன் என்று அக்கா என் பெட்டியை அவளே கட்டிவைத்துவிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஒரு பிரயோகத்துக்கு ஒரு அட்டை. பழைய நூல்களில் ‘அர்’ வரும் இடத்தையெல்லாம் எடுத்து அட்டையில் எழுதி, தேதி போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். ஐரிஷ் அட்டைகளை டோனல் பார்க்கிறார். அயர்லாந்தின் தெற்கு மூலைக்காரர். நாளெல்லாம் பிஸ்கட், நாளெல்லாம் பேச்சு.

இந்த இரண்டு மொழியிலும் எனக்குப் பசி என்று சொல்ல முடியாது. பசி என் மேல் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். தாகமும் அப்படியே. பயம், வெட்கம், சளி எல்லாம் வந்து ஆள் மேல் உட்காருகின்றன. ஐரிஷில் மகிழ்ச்சியும் துக்கமும்கூட மேலே ஏறிக்கொள்கின்றன. அதுவும் போதாதென்று, ‘மேல்’ என்பது ஆளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. என் மேல் என்பது ஐரிஷில் ‘ஒரம்’ என்று ஒரே சொல். வெல்ஷில் ‘அர்னா’. உன் மேல், அவன் மேல், அவள் மேல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். ‘மேல்’ முன்னால் வந்துவிட்டால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் இளகிப்போகும். வெறும் மேசை என்றால் வல்லெழுத்து, மேசை மேல் என்றால் மெல்ல உதட்டைத் தொடும் ஓர் எழுத்து. இரண்டு மொழியிலும் இப்படி.

நன்றாயிருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இதுல என்னட்டி அதிசயம்? அவளுக்குச் சாமின்னா சொல்லுதோம்? ‘அவ மேல சாமி வந்துட்டு’ன்னுல்லா சொல்லுதோம். நமக்குச் சாமியும் பேயும்தான் மேல வரும். அவங்களுக்குச் சளியே மேல வருதுன்னா, மூக்கு ஒழுகினாலும் உடுக்கடிக்கணுமோ?” என்றாள்.

பத்து வருடம் முன்பு என் கட்டுரையில் விட்டுப்போன விஷயம். அப்படியே அட்டையில் எழுதி, மூலம் என்ற இடத்தில் ‘கோமதி, அம்பாசமுத்திரம், வாய்மொழி’ என்று போட்டேன். டோனலிடம் சொன்னபோது பிஸ்கட் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

அக்டோபர் 2, புதன்

மழை. ரசம். நாற்பது அட்டை.

அக்டோபர் 9, புதன்

டயாலிஸிஸ் முடிந்து அக்காவே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. “மூணு நிமிஷம் ஆயிட்டு, நீட்டிக்கட்டுமா?” என்று கேட்டாள். நீட்டித்தோம்.

“பேச்சு என்னைக்குட்டி?”

“நவம்பர் இருபத்திரண்டு.”

“என்ன சேலை?”

“பாட்டில் பச்சை.”

“குளிரும். உள்ளுக்கு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு மேல சேலையக் கட்டு. பாக்க பீப்பா மாதிரி இருப்ப, இருந்துட்டுப் போ. பேச வேண்டியது வாய்தான?”

இந்த ஊரில் எல்லா டீக்கோப்பையிலும் துண்டிலும் ‘ஹிரைத்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். ஊர் ஏக்கமாம். அதுவும் ஆள் மேல்தான் இருக்குமாம். எனக்குக் கோப்பை வாங்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

அக்காவின் போனை லிங்கம் எடுத்தான்.

“தூங்குதாவ மதினி.”

“இந்நேரத்துலயா?”

“நேத்து டயாலிஸிஸ்லா. அசதி.”

பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். டிவியா என்று கேட்டேன். ஆமாம், டிவி என்றான்.

எங்கள் வீட்டு டிவி ஆகஸ்டிலிருந்து ஓடவில்லை. புதிது வாங்கியிருப்பார்கள்.

அக்டோபர் 16, புதன்

அக்காவின் எண்ணிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. எப்படி இருக்கே என்று கேட்டதற்குப் பதில்.

அக்கா கட்டைவிரல் அனுப்புகிறவள் இல்லை. அவளுக்கு எழுதப் பொறுமை கிடையாது, எதுவானாலும் குரலில் பேசித்தான் அனுப்புவாள். பேசாத நாளில் எல்லோரும் விரலைத்தான் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துணி துவைத்தேன். இங்கே துணி காய மூன்று நாள் ஆகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

லிங்கம்தான் எடுத்தான். “அதிகம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மதினி.”

“சரி சரி, பேச வேண்டாம். அங்க மழையா?”

மழையைப் பற்றி நிறையச் சொன்னான். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பாலத்தில் போக முடியவில்லை எல்லாம். லிங்கம் இவ்வளவு பேசுகிறவன் இல்லை. நானும் அவன் பேச்சை நிறுத்தவில்லை. போனை வைத்ததும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை என்று எழுதப் போனேன். பொய் எழுத நோட்டு எதற்கு.

அக்டோபர் 27, ஞாயிறு

லிங்கம் அவசரமாகப் பேசினான். வீட்டில் ஒரு சின்ன விசேஷமாம், ஆட்கள் வந்திருக்கிறார்களாம், பிறகு பேசுகிறானாம். இலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி யாரோ சத்தம் போட்டது கேட்டது.

என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. காலண்டரைப் பார்த்து எதையும் எண்ணவும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நெஸ்டாவின் குளியலறையில் சமையல் எண்ணெயைத் தலையில் வைத்துக் குளித்தேன். வழுக்கி விழ இருந்தேன். பல்கலைக்கழகத்தில் யாருக்கும் இன்று என்ன நாள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் வாழ்த்துவார்கள், அதற்கு நான் சிரிக்க வேண்டும்.

மத்தியானம் போன் செய்தேன். இந்திராணி எடுத்தாள்.

“என்னம்மா பலகாரம் சுட்ட?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

“மழை மதினி. அடுப்பு... இந்த வருஷம் ஒண்ணும் சுடலை.”

“முறுக்குகூடவா?”

“தெருவுல குடுத்துவிட்டாவ மதினி. நிறைய இருக்கு.”

“யாரு?”

“எல்லா வீட்லேர்ந்தும்.”

எல்லா வீட்டுப் பலகாரமும் எந்த வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். நானே தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியிருக்கிறேன்.

மழையில் அடுப்பு எரியாது என்று எழுதிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது காஸ் அடுப்பு.

நவம்பர் 4, திங்கள்

டோனல் பெட்டியைச் சரிபார்த்தார். என் மேல், உன் மேல், அவன் மேல், எங்கள் மேல் எல்லாம் இருக்கிறது, ‘அவள் மேல்’ கட்டு மட்டும் எங்கே என்று கேட்டார். நாளைக்கு என்றேன். இன்று காலை முழுவதும் அந்த அட்டைகளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசி அவள் மேல் இருக்கிறது. பயம் அவள் மேல் இருக்கிறது. இருக்கிறது, இருக்கிறது என்று பதினேழு அட்டை. ஒன்றைக்கூட எழுத முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் நெஸ்டா டீ ஊற்றும்போது ஒரு கேள்வி கேட்டாள். வெல்ஷ்காரர்கள் என்ன ஆயிற்று உங்களுக்கு என்று கேட்கமாட்டார்கள். உங்கள் மேல் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஐரிஷிலும் அப்படித்தான். அட்டையில் நானே எழுதிய வாக்கியத்தை முதல் தடவையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“சளி,” என்றேன்.

அவள் என் மூக்கைப் பார்த்தாள். மூக்கு சுத்தமாக இருந்தது. “டாவித் போனபோது எனக்கும் ஒரு வருடம் சளி இருந்தது,” என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆயிரக்கணக்கில் மைனா மாதிரிக் கறுப்புப் பறவைகள் வந்து கடல் பாலத்துக்கு அடியில் அடைகின்றன. எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று பார்க்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் ஒரு பெஞ்சு முழுவதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது. இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

எழுதிவிடுகிறேன். லிங்கத்துக்குப் பொய் சொல்ல வராது. நேராக ஒரு கேள்வி கேட்டால் உடைந்து சொல்லிவிடுவான். அதனால்தான் கேட்பதில்லை. நான் கேட்காத வரைக்கும் அக்கா தூங்குகிறாள். டாக்டர் பேசக் கூடாதென்றிருக்கிறார். நான் ஊருக்குப் போய் இறங்கும் நாள்வரை அவள் இப்படியே தூங்கிக்கொண்டிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

நவம்பர் 15, வெள்ளி

லிங்கத்திடமிருந்து செய்தி. “மதினி, கொஞ்சம் முன்னாடி வர முடியுமா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்.”

“டிசம்பர் 13தான். டிக்கெட் மாத்த முடியாது,” என்று எழுதினேன். மாற்ற முடியும்.

“சரி மதினி. இங்க விடாம மழை.”

நவம்பர் 21, வியாழன்

நாளைக்குப் பேச்சு. சேலைக்கு இஸ்திரி போட்டேன். ஸ்வெட்டரை உள்ளே போட்டுக் கட்டிப் பார்த்தேன். பீப்பாதான்.

நவம்பர் 22, வெள்ளி

முப்பது பேர் வந்திருந்தார்கள். நெஸ்டாவும் வந்து கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘அவள் மேல்’ கட்டை நேற்று டோனலே எழுதி முடித்துவிட்டார், ஒன்றும் கேட்காமல். குரல் நன்றாக வந்தது. இரண்டு கடற்கரைகளில் வேறுவேறாகப் போய்விட்ட இரண்டு மொழிகள், ஒரு சின்னச் சொல்லுக்குள் மட்டும் மனிதரைப் பற்றி ஒரே எண்ணத்தை வைத்திருக்கின்றன, துன்பம் நம்முடைய சொத்து அல்ல, வெளியிலிருந்து வந்து ஏறுவது என்று சொன்னேன். பிறகு தமிழுக்கு வந்தேன். சாமி அட்டையை எடுத்து அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மூக்கு ஒழுகினாலும் உடுக்கடிக்க வேண்டுமோ என்ற இடத்தில் முப்பது பேரும் சிரித்தார்கள். நெஸ்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா சொன்னதற்கு ஒரு அறையே சிரித்தது. அதைச் சொல்ல எனக்கு அக்கா வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பிரயோஜனமில்லை. மேடையில் நிற்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு அறைக்கு வந்து போன் செய்தேன்.

“லிங்கம், பேச்சு முடிஞ்சிட்டு.”

“நல்லா நடந்துச்சா மதினி?”

“நடந்துச்சு. என்னைக்குப்பா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை,” என்றான். “டயாலிஸிஸுக்குக் கிளம்பிட்டாவ. கார் கதவத் தெறந்து வச்சிருக்கேன். செருப்பு போட உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாவ. நான் கூப்பிட்டேன் மதினி. ரொம்ப நேரம் கூப்பிட்டேன்.”

“நீ என்னப்பா செய்வ.”

“உங்க பேச்சு முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து சொல்லிட்டாவ. ஆனா நீங்க கேட்டா சொல்லிரணும்னுதான் நான் இருந்தேன். ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் இன்னைக்குக் கேட்ருவியன்னு நெனப்பேன். நீங்க மழையக் கேட்டிய. மதினி, நீங்க கேக்கவேயில்லிய.”

அவன் அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, இத்தனை நாளும் என்னால் வாயை மூடிக்கொண்டிருந்தவன். இந்திராணி பக்கத்திலிருந்து ஏதோ சொல்லித் தேற்றினாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றான். “சாம்பல ஆத்துல கரைக்கலை. நீங்கதான் கரைக்கணும்னு நான் பிடிவாதமா இருந்துட்டேன். பெரியவங்களுக்குக் கோவம். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுல்லா, அதான் ஒரு பானையில போட்டு வாயக் கட்டி, பின்னால வேப்பமரத்துல தொங்கவிட்டிருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“மறுநாள்லேர்ந்து.”

அக்டோபர் 13. இப்போது எண்ணினேன். நாற்பத்தொரு நாள்.

“மழை பெய்யுதேப்பா.”

“குடை விரிச்சுக் கட்டியிருக்கேன் மதினி. ஒரு சொட்டு உள்ள போகலை. காத்துதான் பிச்சுக்கிட்டுப் போயிருது. இது மூணாவது குடை.”

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டு எழுதியிருந்தேன். முதல் ஞாயிறே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த வாரம் அக்கா ஆற்றோடு போயிருப்பாள். நான் அவளை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரத்தில் தொங்கவிட்டிருந்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டேன். சேலை, ஸ்வெட்டர் எல்லாவற்றோடும். அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமாகத்தான் அழுதேன். கீழே நெஸ்டா ரேடியோவை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 23, சனி

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். செவ்வாய் காலை மதுரை, அங்கிருந்து லிங்கம் கூட்டிப் போகிறான். நெஸ்டா ஈரச் சேலையை வாங்கிப் போய்க் கணப்பின் முன்னால் நாற்காலி போட்டு விரித்திருக்கிறாள். டோனல் வந்து வாசலில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, துக்கம் என் மேல் இருக்கிறது என்று ஐரிஷில் சொன்னார்.

லிங்கம் காலையில் கூப்பிட்டான். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, வெயில் அடிக்கிறது, வானம் சுத்தமாக இருக்கிறது என்றான்.

இருந்தாலும் குடையை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.